புத்தகத்துக்கு ஓர் ஆள்

நான் பள்ளிக்கூட லைப்ரரியன். பணி ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்த பிறகும், யாராவது என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால் இப்படித்தான் சொல்கிறேன். ஆசிரியர் என்றால் கேட்பவருக்கு உடனே புரிகிறது. எழுத்தர் என்றாலும் புரிகிறது. பள்ளி நூலகர் என்றால் மட்டும், 'புத்தகத்தை எடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கி வைக்கிற வேலைதானே' என்று பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். அந்த எடுத்துக் கொடுப்பதற்குள் என்னவெல்லாம் அடங்கியிருக்கிறது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வெகுநாளாக உண்டு. ஜெர்மனியில், கார்ஹிங்கில், மகள் வீட்டில் வந்து தங்கியிருக்கும்போதுதான் அதற்கான நேரமும் காரணமும் ஒன்றாகக் கூடி வந்தன.

மியூனிக் நகரிலிருந்து வடக்கே போகும் யு-6 ரயிலில் ஏறிக் கடைசி நிலையத்தில் இறங்கினால் கார்ஹிங்கின் ஆராய்ச்சி வளாகம். ஈசார் ஆற்றங்கரையில் வயலும் தோப்புமாக இருந்த கிராமம் இது. 1957-இல் ஜெர்மனியின் முதல் அணு உலை இங்கேதான் இயங்கத் தொடங்கியது. முட்டை வடிவக் கூரை கொண்ட அந்தக் கட்டடத்தை இந்த ஊர்க்காரர்கள் 'அணு முட்டை' என்றே அழைத்தார்கள். ஊரின் சின்னத்திலும் அதைப் பொறித்துக்கொண்டார்கள். பிறகு மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்கள் வந்தன. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் துறைகள் வந்தன. சிலி நாட்டு மலைகளின் மேல் தொலைநோக்கிகளை நிறுத்தியிருக்கும் ஐரோப்பியத் தெற்கு வானாய்வகம் 1980-இல் தன் தலைமையகத்தை இங்கே அமைத்தது. 1990-இல் கார்ஹிங் நகரமாக உயர்ந்தது. என் மகள் விண்ணியற்பியல் படித்தவள். அந்த வளாகத்தில்தான் அவளுக்கு வேலை.

என் ஊர் சீர்காழி. சம்பந்தர் பிறந்த ஊர் என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அது இன்னொருவர் பிறந்த ஊரும்கூட. 1892-இல் அங்கே பிறந்து, அந்த ஊர் சபாநாயக முதலியார் இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்த எஸ். ஆர். ரங்கநாதனை இந்திய நூலகவியலின் தந்தை என்கிறோம். அவர் பிறந்த நாளாகக் கொண்டாடப்படும் ஆகஸ்ட் 12 நமக்கு நூலகர் தினம். நான் சிறுமியாக இருந்தபோது வீட்டில் யாரும் இதை எனக்குச் சொன்னதில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் படிக்கச் சேர்ந்தபோது, முதல் வகுப்பில் பேராசிரியர் என்னை எழுப்பி ஊர் பெயரைக் கேட்டார். சொன்னதும், "அப்படியானால் உனக்குப் பொறுப்பு அதிகம்" என்றார். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தச் சொல் வேலைக்குச் சேர்ந்த பிறகும் என்னை விடவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் நூலகம் என்று இருந்தது ஒரு நீண்ட அறை, ஒரு மேசை, வரிசையாகக் கண்ணாடி பீரோக்கள். தலைமையாசிரியர் சாவிக் கொத்தை என் கையில் கொடுத்தபோது சொன்னது நன்றாக நினைவிருக்கிறது: "பாத்துக்கம்மா. ஒண்ணு கொறைஞ்சாலும் ஒன் சம்பளத்துலதான் புடிப்பாங்க." அவர் மிரட்டவில்லை, நடைமுறையைச் சொன்னார். ஆண்டுக்கொரு முறை இருப்புச் சரிபார்ப்பு நடக்கும். சேர்க்கைப் பதிவேட்டை விரித்து வைத்து, எண் வாசிக்க வாசிக்கப் புத்தகத்தை எடுத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாத புத்தகத்தின் விலை நூலகர் தலையில். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற ஒருவர் இந்த நிலையில் என்ன செய்வார்? பீரோவைப் பூட்டித்தான் வைப்பார். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பல தலைமுறைப் பிள்ளைகள் புத்தகங்களின் முதுகை மட்டும் கண்ணாடி வழியே பார்த்து வளர்ந்ததற்கு, நூலகர்களின் மனச் சிறுமையைவிட இந்தப் பயமே பெரிய காரணம்.

புதுப் புத்தகம் வந்தால் எனக்குத் திருவிழா. கட்டைப் பிரித்துப் பில்லோடு சரிபார்த்து, சேர்க்கை எண் போட்டு, தலைப்புப் பக்கத்திலும், எங்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியப் பக்கத்திலும் பள்ளி முத்திரை குத்துவேன். முகப்பு அட்டையைக் கிழித்து எறிந்துவிட்டாலும், அந்த ரகசியப் பக்கம் புத்தகம் எங்கள் பள்ளியுடையது என்று சொல்லிவிடும். பின் அட்டையின் உள்ளே தேதித் தாளும் புத்தக அட்டை வைக்கும் பையும் ஒட்ட வேண்டும். பசை நானே காய்ச்சுவேன்: மைதா மாவு, தண்ணீர், ஒரு சிட்டிகை மயில்துத்தம். மயில்துத்தம் போடாவிட்டால் பசையைத் தின்ன வரும் பூச்சி புத்தகத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எங்கள் பக்கம் சுவரே ஊறி வழியும். கீழ்த் தட்டில் கரையான் ஏறுகிறதா என்று காலையில் வந்தவுடன் பீரோக்களின் காலடியைக் குனிந்து பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. மழை விட்டு வெயில் அடித்த முதல் நாள், புத்தகங்களை வராண்டாவில் நிறுத்தி, பக்கங்களை விசிறியாக விரித்துக் காயவைப்பேன். பிள்ளைகள் அதிகமாகப் புத்தகத்தைத் தொட்டது அந்த நாட்களில்தான். காயவைக்க உதவ வந்தவர்கள் அங்கேயே உட்கார்ந்து படிக்கத் தொடங்கிவிடுவார்கள். அதைப் பார்த்துத்தான், பீரோவைத் திறந்து வைத்தே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

அந்த முடிவுக்குத் துணிவு கொடுத்தது ரங்கநாதனின் வாழ்க்கை. அவர் கணித ஆசிரியர். மங்களூர், கோயம்புத்தூர் அரசுக் கல்லூரிகளிலும் பிறகு சென்னை மாநிலக் கல்லூரியிலும் பாடம் நடத்தியவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் பதவிக்குச் சுமார் 900 பேர் விண்ணப்பித்திருந்தார்கள். அவர்களில் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1924 ஜனவரியில் சேர்ந்தவருக்குச் சில நாட்களிலேயே வேலை சலித்துவிட்டது. வாசகர் வராத வெற்று அறையில் தனியே உட்கார முடியவில்லை. வகுப்பறைக்கே திரும்பிப் போகிறேன் என்று கேட்டுக்கொண்டார். லண்டனுக்குப் போய் நூலகவியல் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்கவில்லை என்றால் திரும்பி வரலாம் என்று ஓர் ஏற்பாடு ஆயிற்று. லண்டனில் அவர் நூலகம் நூலகமாகப் பார்த்தார். தொழிலாளியும் சிறுவனும் பாட்டியும் ஒரே அறையில் தத்தம் புத்தகத்தைத் தேடி எடுப்பதைக் கண்டார். ஊர் திரும்பியவர் அதன்பின் வகுப்பறையைக் கேட்கவில்லை. அலமாரிகளைத் திறந்துவிட்டார். வாசகர் வரக்கூடிய நேரமெல்லாம் நூலகம் திறந்திருக்க வேண்டும் என்றார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் உருவாக முன்னின்றார். 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார், 1933-இல் நூல்களை வகைப்படுத்தும் கோலன் பகுப்பு முறையை. நூல்கள் பயன்படுவதற்காகவே இருக்கின்றன என்பதுதான் அந்த ஐந்தில் முதலாவதன் சாரம். கேட்க எளிய செய்தி. அதை ஒரு பள்ளியில் நடைமுறைப்படுத்த ஓர் ஆயுள் வேண்டும் என்பதை நான் பட்டு அறிந்தேன்.

ரங்கநாதன் பள்ளி நூலகத்தை ஒருபோதும் சின்ன விஷயமாக எண்ணவில்லை. 1942-இல் பள்ளி, கல்லூரி நூலகங்களுக்கென்றே தனி நூல் எழுதினார். அவர் மறைந்த அடுத்த ஆண்டு, 1973-இல், புதிய கல்வி முறையும் பள்ளி நூலகமும் பற்றிய நூல் வெளிவந்தது. வாழ்நாள் சேமிப்பான ஒரு லட்சம் ரூபாயை மனைவி சாரதாவின் பெயரில் நூலகவியல் பேராசிரியர் பதவி அமையச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். இவ்வளவும் செய்தவரின் ஊரில், பள்ளிக்கூட பீரோ பூட்டிக் கிடக்கலாமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். அவர் நெடுநேரம் யோசித்தார். "நீ பொறுப்பு ஏத்துக்கிறியா?" என்றார். ஏற்றுக்கொண்டேன்.

பூட்டைத் திறந்தபின் சில புத்தகங்கள் காணாமல் போயின, உண்மைதான். ஆனால் எந்தப் பிள்ளை எதைத் தேடுகிறது என்று எனக்குத் தெரியவந்தது. பழையாறு பக்கத்திலிருந்து வரும் மீனவப் பையன்களுக்குக் கதைப் புத்தகம் எட்டாது என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். அவர்களில் ஒருவன் தினமும் வந்து மோட்டார் பற்றிய புத்தகம் இருக்கிறதா என்று கேட்பான். படகில் மாட்டும் டீசல் இன்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவன் அவன். அது ஏன் அப்படி ஓடுகிறது என்று அறிந்துகொள்ள வேண்டும் அவனுக்கு. எங்கள் நூலகத்தில் அப்படி ஒரு புத்தகம் இல்லை. பக்கத்து ஊர்த் தொழிற்பயிற்சி நிலையத்தில் கேட்டு வாங்கி வந்து கொடுத்தேன். அதைப் படித்து முடித்தவன் அடுத்து அறிவியல் அலமாரிக்குப் போனான். கொஞ்ச காலம் கழித்துக் கதைகளுக்கும் வந்தான். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் ஒன்று உண்டு என்பது விதி. அந்த நூல் தம் அறையில் இல்லையென்றால் எங்கே இருக்கிறது என்று அறிந்து வைத்திருப்பது நூலகரின் வேலை.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. எங்கள் கரையோரக் குப்பங்களில் என்ன நடந்தது என்பதை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. அதை அனுபவித்தவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளும் பெரியவர்களும் கல்யாண மண்டபங்களில் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். எங்கள் மாணவர்கள் பலர் அங்கே இருந்ததால், கதைப் புத்தகங்களைச் சாக்கில் கட்டி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். படம் போட்ட புத்தகங்களைச் சின்னவர்கள் வாங்கிக்கொண்டார்கள். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எதையும் வாங்கவில்லை. "டீச்சர், அந்தத் தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு?" என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் பள்ளியிலிருந்து பெரிய அட்லஸை எடுத்துப் போனேன். அது குறிப்புதவி நூல். அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்று அதன்மேல் சிவப்பு மையில் எழுதியதே நான்தான். மண்டபத்துத் தரையில் அதை விரித்து, இந்தியப் பெருங்கடல் பக்கத்தைத் திறந்தேன். சுமத்ராவின் மேற்குக் கரையைக் காட்டினேன். காலை ஆறரை மணி அளவில் அங்கே கடலடியில் நிலம் நடுங்கியது, நம் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று என்று சொன்னேன். அவன் விரலைச் சுமத்ராவில் வைத்து, அந்தமானைத் தாண்டி, நீல நிறத்தின் மேல் நாகப்பட்டினம் வரை மெல்ல நகர்த்தினான். அவனைச் சுற்றிப் பிள்ளைகள் கூடினார்கள். பிறகு பெரியவர்கள் வந்தார்கள். கடலில் ஐம்பது வருடம் போன ஒரு தாத்தா, "எங்க பழையாறு இதுல எங்க இருக்கு?" என்று கேட்டார். அவ்வளவு பெரிய வரைபடத்தில் பழையாறு இல்லை. கொள்ளிடம் கடலில் சேரும் இடத்தைத் தேடி, பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, பெயரையும் எழுதினேன். நூலகப் புத்தகத்தில் கிறுக்கக் கூடாது என்று ஆண்டுக்கணக்காகப் பிள்ளைகளை அதட்டியவள், அதை முழு மனதோடு செய்தேன். இரண்டு மணி நேரம் என்று கேட்டவுடன் அந்தப் பெரியவர் நிமிர்ந்து, "அப்ப யாராச்சும் சொல்லியிருக்கலாமே" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் மட்டுமல்ல, அன்று எந்த அரசிடமும் பதில் இல்லை.

அட்லஸை மண்டபத்திலேயே விட்டு வந்தேன். கை மாறிக் கை மாறி அது தாள் தாளாகப் பிரிந்தது. பின்னால் கழிவு செய்யும் பட்டியலில் அதைச் சேர்த்தபோது, காரணம் என்ற கட்டத்தில் 'மிகுந்த பயன்பாடு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் எழுதிய அலுவலகக் குறிப்புகளில் எனக்குப் பெருமை தருவது அதுதான்.

தனியாக ஒரு நூலகர் இவ்வளவுதான் செய்ய முடியும் என்ற எல்லை சீக்கிரமே வந்துவிடுகிறது. பள்ளியில் ஆசிரியர்கள் பலர் இருப்பார்கள். நூலகர் ஒரே ஓர் ஆள். தொழில் பற்றிப் பேச அங்கே துணை கிடையாது. அதனால் சுற்று வட்டாரப் பள்ளி நூலகர்களைத் தேடிப் போய்ப் பேசத் தொடங்கினேன். விடுமுறை நாளில் யாராவது ஒருவருடைய பள்ளியில் கூடுவோம். தொடக்கத்தில் எல்லாரும் குறைகளைக் கொட்டினோம். பிறகு பட்டியல்களைக் கொண்டு வரச் சொன்னேன். உங்களிடம் இரண்டு படி இருப்பது என்ன, எங்களிடம் இல்லாதது என்ன என்று ஒப்பிட்டோம். பள்ளிக்குப் பள்ளி புத்தகம் பயணம் போகத் தொடங்கியது. எந்தப் பதிப்பகம் பள்ளிகளுக்கு உதவாத நூல்களைத் தள்ளுபடி ஆசை காட்டித் தலையில் கட்டுகிறது, எந்தப் பைண்டர் நூல் தைத்துக் கட்டுகிறார் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியவந்தது. இப்படித்தான் எனக்கு நூலகர் சங்கப் பொறுப்புகள் வந்தன. நானாக அவற்றைத் தேடிப் போகவில்லை, வந்ததைத் தள்ளவும் இல்லை.

நாங்கள் ஓயாமல் எழுப்பிய கோரிக்கைகள் இரண்டு. ஒன்று, காணாமல் போகும் புத்தகத்துக்கு நூலகரைத் தண்டிக்கக் கூடாது. 2005-ஆம் ஆண்டின் மத்திய அரசு பொது நிதி விதிகளில், வழங்கப்படும் ஆயிரம் நூல்களுக்கு ஐந்து வரை இழப்பு ஏற்பட்டால், அதில் நேர்மைக்கேடோ கவனக்குறைவோ இல்லாத வரை, அதை இயல்பாகக் கொள்ளலாம் என்று வந்தது. அந்த விதியை நகல் எடுத்து ஒவ்வொரு கூட்டத்திலும் கொடுத்தேன். அது நம் பள்ளிகளை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் தலைமையாசிரியர் முன் மேசைமேல் வைக்க எங்களுக்கு ஒரு தாள் கிடைத்தது. ஒரு தலைமையாசிரியர் அதைப் படித்துவிட்டு, தம் பள்ளி நூலகரின் பிடித்தத்தை நிறுத்தினார். அந்த நூலகர் அடுத்த வாரமே பீரோவைத் திறந்தார்.

இரண்டாவது கோரிக்கை பணியிடம். நூலகச் சட்டம் என்றால் நாம் பெருமைப்பட இடமிருக்கிறது. சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம், 1948-இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்து வசூலாகிறது. அதில் ஊர்ப்புற நூலகம் வரை நடக்கிறது. அதற்கும் முன்பே, 1931-இல், மன்னார்குடி அருகே மேலவாசலில் கனகசபை பிள்ளை மாட்டு வண்டியில் நூலகம் வைத்து ஊர் ஊராக ஓட்டினார். இத்தனை மரபு இருந்தும், பள்ளி நூலகம் அந்தச் சட்டத்தின் கைக்கு எட்டாமலே நின்றுவிட்டது. பல பள்ளிகளில் நூலகர் என்று ஓர் ஆள் கிடையாது. ஏற்கெனவே பாடச் சுமை உள்ள ஓர் ஆசிரியரிடம் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். நல்ல திட்டங்கள் வராமல் இல்லை. புத்தகப் பூங்கொத்து என்ற பெயரில் வகுப்பறைக்கே கதைப் புத்தகங்கள் வந்தன. கயிற்றில் தொங்கவிட்ட அந்தச் சின்னப் புத்தகங்களைப் பிள்ளைகள் எவ்வளவு ஆசையாகப் படித்தார்கள் என்று நான் கண்ணால் பார்த்தேன். படித்து முடித்த பிள்ளைக்கு அடுத்தது எது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை என்பதையும் பார்த்தேன்.

இந்தக் கவலைகளோடுதான் கார்ஹிங்கில் வந்து இறங்கினேன். புது ஊரில் நான் முதலில் கேட்பது நூலகத்துக்கு வழி. நகர நூலகத்துக்குப் பேத்தி என்னைக் கைபிடித்துக் கூட்டிப் போனாள். குழந்தைகள் பகுதியில் புத்தகங்கள் முதுகு காட்டாமல் முகம் காட்டி நின்றன, அவள் உயரத்திலேயே. எடுத்து, தரையில் படுத்துப் படித்து, கண்ட இடத்தில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். ஒருவரும் அதட்டவில்லை. நவம்பர் மூன்றாம் வெள்ளிக்கிழமை ஜெர்மனி முழுவதும் வாய்விட்டுப் படிக்கும் நாள். ஒரு வார இதழும், வாசிப்புக்கான ஓர் அறக்கட்டளையும், ரயில்வே அறக்கட்டளையும் சேர்ந்து நடத்துகின்றன. 2004 முதல் இது நடந்துவருகிறது. அமைச்சர், தீயணைப்பு வீரர், பக்கத்து வீட்டுப் பாட்டி என்று யாரும் பிள்ளைகளுக்குப் புத்தகம் படித்துக் காட்டலாம். அந்த நாளில் ஒரு முதியவர் படிக்க, மொழி புரியாமல் உட்கார்ந்திருந்தேன். எந்த இடத்தில் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள், எந்த இடத்தில் விட்டார்கள் என்பது புரிந்தது. நல்ல வாசிப்பு அது.

இவ்வளவு செல்வமுள்ள நாட்டில் பள்ளிக்குப் பள்ளி நூலகர் இருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். பேத்தியின் பள்ளியில் நூலகத்தை நடத்துவது பெற்றோர்கள். முறை போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஆள் வராத நாளில் அறை பூட்டித்தான் கிடக்கிறது. இங்கே பல பள்ளிகளில் இதுதான் நிலை என்று மகள் சொன்னாள். ஊராட்சிகள் நூலகம் நடத்துவது விருப்பப்பட்டுச் செய்கிற பணி, கட்டாயம் கிடையாது. ஜெர்மனியில் ஒரு மாநிலம் முதன்முதலாக நூலகச் சட்டம் இயற்றியது 2008-இல்தான், துரிங்கியாவில். நம் சட்டத்துக்கு அறுபது ஆண்டு கழித்து! அதை அறிந்தபோது நம்மவர்கள் செய்த காரியத்தின் அளவு எனக்கு மேலும் விளங்கியது. கூடவே இன்னொன்றும் விளங்கியது. பள்ளியில் நூலகர் இல்லாமல் போவதற்குப் பணமின்மை காரணமாகச் சொல்லப்படுகிறது. பணம் உள்ள இடத்திலும் அவர் இல்லை. அந்த வேலையை ஒரு வேலை என்று யாரும் கணக்கில் எடுக்காததே மூல காரணம்.

அந்தப் பெற்றோர்களோடு நானும் சில காலை நேரங்கள் உட்கார்ந்தேன். புதுப் புத்தகங்களுக்கு ஒட்டும் பிளாஸ்டிக் தாள் போடுகிற வேலை. காற்றுக் குமிழ் விழுந்து தாள் சுருங்குகிறது என்று ஓர் இளம் தாய் திணறிக்கொண்டிருந்தாள். மர அளவுகோலை வாங்கி, புத்தகத்தின் முதுகில் தொடங்கி வெளிப்பக்கமாக அழுத்தித் தேய்த்துக் காட்டினேன். குமிழ் நிற்கவில்லை. அவள் தன் முன் இருந்த அடுக்கு முழுவதையும் என் பக்கம் நகர்த்திவிட்டுச் சிரித்தாள். மைதாப் பசை காலத்துக் கைப்பழக்கம் அங்கே உதவியது. நல்ல மனிதர்கள் அவர்கள். தங்கள் பிள்ளைகளுக்காகச் சம்பளமில்லாமல் உழைக்கிறார்கள். ஆனால் பிள்ளை அடுத்த பள்ளிக்குப் போனவுடன் பெற்றோரும் போய்விடுவார்கள். எந்தப் பிள்ளை எதைத் தேடியது என்ற அறிவும் அவர்களோடு போய்விடும். நூலகர் பணியிடம் என்பது அந்த அறிவு தங்குவதற்கான இடம்.

இதற்கு நேர்மாறான காட்சியை அதே ஊரில், ரயிலில் ஒரு நிலையம் தள்ளிக் கண்டேன். மகள் ஒரு நாள் வேலையிலிருந்து வந்து, "அம்மா, என் கட்டுரையை நான் சொல்லாமலே லைப்ரரியில கண்டுபிடிச்சுட்டாங்க" என்றாள். ஐரோப்பியத் தெற்கு வானாய்வகத்தின் நூலகம் டெல்பிப் என்ற ஒரு தொகுப்பை நடத்துகிறது. அந்த வானாய்வகத்தின் தொலைநோக்கிகள் தந்த தரவைப் பயன்படுத்தி உலகில் எங்கே யார் ஆய்வுக் கட்டுரை எழுதினாலும் அதில் பதிவாகும். ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் இப்போது சேர்கின்றன. தொலைநோக்கிகளின் பெயர்களையும் கருவிகளின் பெயர்களையும் இதழ்களில் தேடிக் கொடுக்க மென்பொருள் இருக்கிறது. ஆனால் கட்டுரையாளர் தரவை உண்மையிலேயே பயன்படுத்தினாரா, போகிற போக்கில் பெயரைக் குறிப்பிட்டாரா என்று படித்துத் தீர்மானிப்பவர்கள் நூலகர்கள். எந்தக் கருவியால் எவ்வளவு அறிவு விளைந்தது என்று அந்த வானாய்வகம் அறிவது அவர்கள் தரும் கணக்கிலிருந்து. உலகின் மிகப் பெரிய தொலைநோக்கிகளில் சிலவற்றை வைத்திருப்பவர்கள், நூலகர் இல்லாமல் ஆகாது என்று உணர்ந்து அவருக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த நூலகத்தை நெடுங்காலம் நடத்தியவர் ஊட்டா க்ரோத்கோப். வானியல் நூலகர்கள் உலக அளவில் கூடும் லிசா என்ற மாநாட்டு வரிசையை வளர்த்தவர்களில் அவர் ஒருவர். முதல் மாநாடு 1988-இல் வாஷிங்டனில் நடந்தது. இரண்டாவது, 1995-இல், இதே கார்ஹிங்கில். அதன்பின் டெனரீஃப், பிராக், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ். 2010-இல் ஆறாவது மாநாடு நம் புணேயில். கேம்பிரிட்ஜ் மாநாட்டுக் கட்டுரைகளைத் தொகுத்த மூவரில் பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் நூலகர் கிறிஸ்டினா பேர்டியும் ஒருவர். நம் கோடைக்கானல் சூரிய ஆய்வகமும் காவலூர் தொலைநோக்கியும் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவை. ஒவ்வொரு வானாய்வகத்திலும் நூலகர் என்று ஓரிருவரே இருப்பார்கள். பள்ளிகளில் எங்களுக்கிருந்த அதே தனிமை. ஆய்விதழ்களின் விலை ஏறியபோது இந்தியாவின் வானியல் நூலகர்கள் ஃபோர்சா என்ற கூட்டமைப்பாகச் சேர்ந்து, இருப்பதைப் பகிர்ந்துகொண்டு, இதழ்களைக் கூட்டாக வாங்கினார்கள். வட்டாரப் பள்ளிகளின் பட்டியல்களை ஒப்பிட்டு நாங்கள் செய்ததும் இதுதானே என்று எண்ணியபோது, என் பணிக்காலத்தின் மேல் எனக்கு இருந்த மதிப்பு கூடியது. அளவுதான் வேறு, தொழில் ஒன்று, அதன் நெறியும் ஒன்று.

ரங்கநாதனும் 1955 முதல் 1957 வரை இந்தப் பக்கத்தில், சூரிச்சில், தங்கி எழுதிக்கொண்டிருந்தார். சீர்காழியில் தொடங்கிய ஒருவர் எழுதிய விதிகளை உலகம் முழுவதும் நூலகவியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அவர் பெயரில் விழா எடுப்பதில் நாம் குறை வைப்பதில்லை. பள்ளியில் நூலகரை அமர்த்துவதில்தான் குறை.

கார்ஹிங்கிலிருந்து பழைய தோழிகளோடு தொலைபேசியில் பேசுகிறேன். இப்போது பள்ளி நூலகப் பொறுப்பில் இருக்கும் இளையவர்களும் பேசுகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது இவைதான். அலமாரியைத் திறந்து வையுங்கள். இழப்புக்குப் பயப்படாதீர்கள், விதி உங்கள் பக்கம் நகர்ந்திருக்கிறது. பிள்ளை என்ன கேட்டது என்பதைத் தேதியோடு எழுதி வையுங்கள். நாளை பணியிடம் கேட்டு மனுக் கொடுக்கும்போது அதைவிடப் பெரிய ஆதாரம் இல்லை. மாதம் ஒரு முறையாவது பக்கத்துப் பள்ளி நூலகரைப் பாருங்கள். அரசிடம் கேட்க வேண்டியது ஒன்றே: ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளிக்கும் தகுதி பெற்ற, முழுநேர நூலகர் ஒருவர். அணு உலையும் தொலைநோக்கியும் உள்ள ஊரானாலும், கொள்ளிடக் கரைக் குப்பமானாலும், ஒரு பிள்ளையின் கேள்வியைக் கேட்டு அதற்குரிய புத்தகத்தைத் தேடி எடுக்கிற வேலை தானாக நடக்காது. அதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக இருந்ததில் எனக்கு நிறைவு. அடுத்து வருபவர்களுக்கு அந்த இடத்தைக் கேட்டு வாங்கித் தருவதில் என் பங்கு இன்னும் பாக்கி இருக்கிறது.